பின்னால் வரும் கப்பலே பொறுப்பேற்க வேண்டும்

துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்பது, தமிழ்நாட்டில் கடலையே பார்த்திராதவர்களுக்கும் புரிகிற செய்தி. ஒன்றாம் எண் என்றால் தொலைவில் ஏதோ உருவாகிறது. பத்தாம் எண் என்றால் பேராபத்து. இந்த அறிவு தானாக வந்துவிடவில்லை. 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஹூக்ளி ஆற்றில் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் அறுத்துக்கொண்டு போய்க் கரையில் மோதின. அடுத்த ஆண்டே, 1865இல், கல்கத்தா துறைமுகத்துக்கென்று புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. பிறகு அது மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. இன்று கொல்கத்தாவின் அலிப்பூரில் இருக்கும் மண்டல வானிலை மையம் வெளியிடும் எச்சரிக்கை காக்துவீப், நாம்கானா, ஃபிரேசர்கஞ்ச் மீனவர்கள்வரை போய்ச் சேர்கிறது. ஒரு குறியீட்டை அரசு ஓயாமல் சொல்லி, அச்சிட்டு, ஒலிபரப்பி, எல்லோருக்கும் பொதுவான அறிவாக்கினால் அது உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அதே ஆற்றிலும் அதே கடலிலும் இன்னோர் எச்சரிக்கை மொழி இருக்கிறது. அது கப்பல் சங்கின் மொழி. முன்னால் போகும் கலத்தைக் குறுகிய நீர்வழியில் முந்த நினைக்கும் கப்பல், இரண்டு நீண்ட ஒலிகளையும் ஒரு குறுகிய ஒலியையும் எழுப்பினால், "உன் வலப்பக்கமாக முந்த விரும்புகிறேன்" என்று பொருள். இரண்டு நீண்ட ஒலிகளுக்குப் பிறகு இரண்டு குறுகிய ஒலிகள் வந்தால் இடப்பக்கம். முன்னால் போகும் கலம் சம்மதித்தால் நீளம், குறுக்கம், நீளம், குறுக்கம் என்று நான்கு ஒலிகளால் பதில் தர வேண்டும். சந்தேகம் இருந்தால், ஆபத்து என்று பட்டால், குறைந்தது ஐந்து குறுகிய ஒலிகளை விரைந்து எழுப்ப வேண்டும். குறுகிய ஒலி ஏறத்தாழ ஒரு விநாடி. நீண்ட ஒலி நான்கிலிருந்து ஆறு விநாடி. ஐந்து நிமிடத்தில் கற்றுவிடக்கூடிய இந்த மொழி, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கிய கப்பல் அதிகாரிகளோடு நின்றுவிட்டது. ஹூக்ளியில் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகோட்டிக்கும், வங்கக் கடலில் வலை இழுக்கும் படகை நடத்தும் ஸ்ராங்குக்கும் அதை முறையாகக் கற்றுத்தர எவரும் பொறுப்பேற்கவில்லை. கேட்டவன் ஒரு மொழியில் கேட்க, கேட்கப்பட்டவனுக்கு அந்த மொழியே தெரியாமல் இருப்பது விபத்துக்கு நாமே வழிவிடுவதாகும். புயல் கூண்டுக்கு நாம் கொடுத்த அக்கறையை, முந்தும் கப்பலின் சங்குக்கும் கொடுத்தாக வேண்டும்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்பதில் தெளிவு வேண்டும். கடலில் மோதல்களைத் தடுப்பதற்கான பன்னாட்டு விதிகள் 1972இல் வகுக்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்தன. கடலுக்கு மட்டுமல்ல, கடலோடு இணைந்து கடற்கப்பல்கள் சென்றுவரக்கூடிய நீர்ப்பரப்புகளுக்கும் அவை பொருந்தும். ஹூக்ளியும் அதற்குள் அடங்கும். அவற்றின் 13ஆம் விதி முந்துவதைப் பற்றியது. முந்துகிற எந்தக் கலமும், முந்தப்படுகிற கலத்துக்கு வழிவிட்டு விலகிச் செல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். ஒரு கலத்தின் நேர்ப்பக்கவாட்டிலிருந்து 22.5 டிகிரிக்கு மேல் பின்தள்ளிய திசையிலிருந்து நெருங்குவது எதுவோ அது முந்தும் கலம். இரவில், முன்னே போவதன் பின்விளக்கு மட்டும் தெரிந்து, பக்கங்களில் உள்ள சிவப்பும் பச்சையும் தெரியவில்லை என்றால், பார்ப்பவர் முந்தும் நிலையில் இருக்கிறார். முந்துகிறோமா இல்லையா என்று ஐயம் வந்தால், முந்துகிறோம் என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். பாதி முந்திய பிறகு கோணம் மாறிவிட்டது, இனி இது குறுக்கே கடக்கும் நிலைதான் என்று வாதிட முடியாது. முழுதாகக் கடந்து, விலகிச் செல்லும்வரை பொறுப்பு முந்துபவருடையதே. பாய்மரக் கலத்துக்கு இயந்திரக் கலம் வழிவிட வேண்டும் என்பது பொது வழக்கம். ஆனால் பாய்மரமே முந்தினால் அதுவும் விலகித்தான் போக வேண்டும். பெரியது, சிறியது, விசையுள்ளது, பாய் விரித்தது என்று எந்த வேறுபாடும் இந்த ஒரு விதியில் எடுபடாது.

இப்படிப் பின்னால் வருபவர் தலையில் சுமையை ஏற்றியதற்கு வலுவான காரணம் உண்டு. முந்துவது என்பது அவர் தேர்ந்துகொண்ட செயல். வேகம் அவரிடம் இருக்கிறது. நேரத்தைத் தீர்மானிப்பதும் அவரே. இரண்டு கலங்களையும் ஒருசேரப் பார்க்கும் இடத்தில் இருப்பவரும் அவரே. முன்னால் போகிறவரின் கண் முன்னால்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் லாரிகளின் பின்புறம் 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே ஹாரன், "ஒதுங்கு" என்கிற கட்டளையாக மாறிவிட்டது. குறுகிய நீர்வழியில் சங்கு ஒரு கேள்வி. முன்னால் போகிறவர் இடம்விட்டால்தான் முந்த முடியும் என்ற நிலையில், அவர் பதில் தரும்வரை காத்திருக்க வேண்டும். மௌனம் சம்மதம் என்பது கரையில் செல்லுபடியாகும் வழக்கு. நீரில் மௌனத்துக்கு அந்தப் பொருள் கிடையாது. பதில் வரவில்லை என்றால் சம்மதம் இல்லை. இந்த ஓர் எண்ணம்தான் அந்த ஒலிக் குறிகள் முழுவதையும் தாங்கி நிற்கிறது.

நீருக்கென்று இருக்கும் இயல்பும் இந்த எச்சரிக்கையை நியாயப்படுத்துகிறது. பெரிய கப்பல் நகரும்போது அதன் முன்பகுதி நீரைத் தள்ளுகிறது. பக்கவாட்டில் நீர் விரைந்து பாய்வதால் அழுத்தம் குறைந்து, அருகிலிருக்கும் கலத்தை உள்ளே இழுக்கிறது. ஆழமும் அகலமும் குறைந்த வழியில் இந்த இழுப்பு பல மடங்கு வலுக்கும். 1911 செப்டம்பர் 20 அன்று இங்கிலாந்தின் சோலண்ட் நீரிணையில் ஒலிம்பிக் என்ற மாபெரும் பயணிகள் கப்பலும் ஹாக் என்ற போர்க்கப்பலும் அருகருகே ஒரே திசையில் சென்றபோது, ஹாக் திடீரென்று திரும்பி ஒலிம்பிக்கின் பின்பக்கத்தைக் கிழித்தது. நீரின் இழுப்பு அந்த வழக்கின் மையமானது. யார் யாரை முந்திக்கொண்டிருந்தார்கள் என்பதும் பெரும் விவாதப் பொருளானது. முடிவில் நீதிமன்றம் ஒலிம்பிக்கின் மீதே பழியைச் சுமத்தியது. பயிற்சி பெற்ற மாலுமிகள் ஓட்டிய ஒரு போர்க்கப்பலையே இப்படி இழுக்கிற நீர், பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு மரப்படகை என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. மோதவே வேண்டியதில்லை, பெருங்கப்பல் கடந்த பின் எழும் அலையே போதும். பின்னால் என்ன வருகிறது, எந்தப் பக்கமாக வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் சிறு படகு தன் முன்முனையான அணியத்தை அலைக்கு நேராகத் திருப்பிக்கொள்ள முடியும்.

ஹூக்ளி இப்படிப்பட்ட நீர்வழிகளில் மிகக் கடினமான ஒன்று. கடல்முகப்பில் உள்ள சாண்ட்ஹெட்ஸ் பகுதியிலிருந்து கொல்கத்தாவின் கிதிர்பூர் கப்பல்துறைக்கு வர 200 கிலோமீட்டருக்கும் மேல், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டின் துணையோடு பயணம் செய்ய வேண்டும். உலகின் மிக நீண்ட பைலட் வழிகளுள் இது ஒன்று. ரூப்நாராயண் ஆறு வந்து கலக்கும் இடத்தருகே உள்ள மணல்திட்டுக்கு, 1694இல் அங்கே அழிந்த கப்பலின் பெயரால் இன்றும் ஜேம்ஸ் அண்ட் மேரி என்றே பெயர். மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஓதம் ஏறும் நேரம் பார்த்துத்தான் பெரிய கப்பல்கள் நகர முடியும். அந்த நேரத்தில் ஆற்றில் கப்பல்கள் மட்டும் இருப்பதில்லை. அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்றிக்கொண்டு சுந்தரவனம் வழியாக வங்கதேசத்துக்குப் போகும் சரக்குக் கலங்கள், 1972 முதல் நடப்பில் உள்ள இரு நாட்டு உள்நாட்டு நீர்வழி உடன்பாட்டின்படி வந்துபோகின்றன. இருகரைகளுக்கும் இடையே பயணிகள் படகுகள் ஓடுகின்றன. இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுகள், அவற்றின் சத்தத்தாலேயே 'புட்புட்டி' என்று அழைக்கப்படுபவை, ஆளையும் காய்கறியையும் சுமந்து போகின்றன. மகர சங்கராந்தியையொட்டிய கங்காசாகர் திருவிழாவுக்கு லட்சக்கணக்கானோர், பனிமூட்டம் மிகுந்த ஜனவரியில் முரிகங்கா ஆற்றைக் கடக்கிறார்கள். ஹில்சா பருவம் வந்தால் நூற்றுக்கணக்கான மீன்பிடி டிராலர்கள் கடலுக்குக் கிளம்புகின்றன. இந்தப் போக்குவரத்தில் பெரும்பகுதி தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் நீர்ப்பரப்பில் நடக்கிறது. 1986இல் பிரிக்கப்பட்ட அந்த மாவட்டத்தின் தலைமையகம் அலிப்பூர்.

பின்னாலிருந்து வரும் ஆபத்து கற்பனையானது என்று நினைப்பவர்கள், பெரிய நகரங்களின் நடுவே ஓடும் ஆறுகளில் நடந்தவற்றைப் பார்க்க வேண்டும். 1989 ஆகஸ்ட் 20 அதிகாலை லண்டனின் தேம்ஸ் ஆற்றில் மார்ச்சியோனஸ் என்ற உல்லாசப் படகு, பிறந்தநாள் விருந்தினரை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அதே திசையில் பின்னால் வந்த போபெல் என்ற மணல் அள்ளும் கப்பல் அதன் மீது ஏறியது. 51 பேர் இறந்தார்கள். கப்பலின் சுக்கான் அறையிலிருந்து முன்னால் பார்க்க முடியாதபடி மணல் அள்ளும் கருவிகள் மறைத்தன. படகின் சுக்கான் அறையிலிருந்து பின்னால் பார்ப்பது எளிதாக இல்லை. இரண்டிலும் சரியான கண்காணிப்பு இல்லாததே அடிப்படைக் காரணம் என்று 2001இல் நீதிபதி கிளார்க் தந்த விசாரணை அறிக்கை கூறியது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2019 மே 29 இரவு, புடாபெஸ்ட் நகரில் டான்யூப் ஆற்றில், மழையில், தென்கொரியச் சுற்றுலாப் பயணிகளோடு சென்ற ஹாப்லியான் படகைப் பின்னால் வந்த வைக்கிங் சிகின் என்ற பெரிய சுற்றுலாக் கப்பல் மார்கரெட் பாலத்தின் அடியில் இடித்து மூழ்கடித்தது. படகில் இருந்த 35 பேரில் 7 பேரே பிழைத்தார்கள். கவனக் குறைவால் மோதலுக்குக் காரணமானார் என்று பெரிய கப்பலின் கேப்டனுக்கு 2023இல் நீதிமன்றம் ஐந்தரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இரண்டு நகரங்களிலும் ரேடார் இருந்தது, வானொலி இருந்தது, விதிகள் நன்கு தெரிந்த மாலுமிகள் இருந்தார்கள். முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருபவரின் எண்ணம் போய்ச் சேரவில்லை. அந்த ஓர் இடைவெளி போதுமானதாக இருந்தது.

கொல்கத்தாவுக்கு இன்னும் நெருக்கமான சான்று வங்கதேசத்தில் இருக்கிறது. டாக்காவுக்கு அருகே நாராயண்கஞ்சில் ஷிதலக்ஷியா ஆற்றில், 2021 ஏப்ரல் 4 அன்று சாபித் அல் ஹசன் என்ற பயணிகள் லாஞ்சை ஒரு சரக்குக் கப்பல் பின்னாலிருந்து மோதியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஓராண்டுகூட நிறையவில்லை, 2022 மார்ச் 20 அன்று அதே ஆற்றில் ரூபோஷி-9 என்ற சரக்குக் கப்பல், அஃப்சர் உத்தீன் என்ற சிறு லாஞ்சைத் தன் அணியத்தால் தள்ளிக்கொண்டே போய் மூழ்கடித்தது. பயணிகள் ஆற்றில் குதிக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். அந்த ஆற்றில் ஓடும் லாஞ்சும், சரக்குக் கலமும், அவற்றை ஓட்டுபவர்களின் பழக்கமும், நெருக்கடியும் ஹூக்ளிக்கும் முரிகங்காவுக்கும் அந்நியமானவை அல்ல. ஒரே வகைச் சரக்குக் கலங்கள் இரு நாட்டு ஆறுகளிலும் ஓடுகின்றன. அங்கே ஈராண்டில் இருமுறை நடந்தது இங்கே நடக்காது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நடந்த பிறகு விசாரணைக் குழு அமைப்பதைவிட, நடக்கும் முன் ஒரு மொழியைக் கற்றுத்தருவது மிகச் சிறிய வேலை.

இது வங்காளிகளின் சிக்கல் என்று தமிழர்கள் ஒதுக்கிவிடவும் முடியாது. 2012 மார்ச் 1 அன்று கேரளக் கடலில் பிரபு தயா என்ற சரக்குக் கப்பல் ஒரு மீன்பிடிப் படகில் மோதி ஐந்து மீனவர்கள் இறந்தார்கள். கப்பல் சென்னையில் பிடிக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் ஏ.பி.எல். லே ஹாவ்ர் என்ற சரக்குப் பெட்டகக் கப்பலும், கேரளத்தின் பேப்பூரிலிருந்து கிளம்பிய ரபா என்ற விசைப்படகும் மோதின. படகில் 14 பேர். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இருவரே. அந்தப் படகில் தமிழ்நாட்டு மீனவர்களும் மேற்கு வங்க மீனவர்களும் சேர்ந்தே வேலை செய்தார்கள். வங்காளத்தின் கடற்கரைக் கிராமங்களிலிருந்து ஆட்கள் தெற்கே வந்து நம் மீனவர்களோடு ஒரே படகில் உழைக்கும் காலம் இது. இந்த மோதல்கள் எல்லாம் முந்தும்போது நடந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. திறந்த கடலில் முந்துவதற்குச் சம்மதம் கேட்கவும் தேவையில்லை. விலகிப் போவதே கடமை. ஆனால் அருகில் வரும் பெருங்கப்பலுக்கு, "நான் இங்கே இருக்கிறேன், உன் எண்ணம் எனக்குப் புரியவில்லை" என்று ஐந்து குறுகிய ஒலிகளால் சொல்லும் உரிமை அந்தக் கடலிலும் சிறு படகுக்கு உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தச் சங்கு வேண்டும், அதை எப்போது ஊத வேண்டும் என்ற அறிவும் வேண்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, சங்கு பழங்காலத்துப் பொருள் என்பது. வி.எச்.எஃப். வானொலியும், கப்பலின் பெயரையும் வேகத்தையும் திரையில் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியும் இருக்கும்போது ஊதிக்கொண்டிருப்பது ஏன் என்று கேட்கிறார்கள். இரண்டும் தேவையான கருவிகள்தான். ஹூக்ளியின் பைலட்டுகள் ஒருவரோடொருவர் வானொலியில் பேசிக்கொண்டு முந்துவது பாதுகாப்பைக் கூட்டவே செய்யும். ஆனால் பன்னாட்டுப் பயணத்தில் ஏ.ஐ.எஸ். கட்டாயம் என்பது 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்குத்தான். புட்புட்டியில் அது இருக்காது. வானொலியில், "எனக்கு முன்னால் போகும் படகே" என்று அழைத்தால் பத்துப் படகுகளில் எது பதில் சொல்லும்? தவறான கலம் பதில் சொல்லிவிட்டால் நிலைமை முன்னைவிட மோசமாகும். இந்தக் குழப்பத்தையும், பேச்சில் வீணாகும் நேரத்தையும் காட்டித்தான் பிரிட்டனின் கடல்சார் நிர்வாகம் மோதல் தவிர்ப்பில் வானொலியை நம்பியிருப்பது பற்றி மாலுமிகளை எச்சரித்துவருகிறது. பிலிப்பைன்ஸ் கேப்டனுக்கும் காக்துவீப் மீனவருக்கும் பொதுவான பேச்சுமொழி கிடையாது. சங்கின் மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டப்படி ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு, இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் தரப்படுகிறது. வரவேற்க வேண்டிய திட்டம். புயல் செய்திக்கும் ஆபத்து அழைப்புக்கும் கரையோடு இணைக்கும் கருவி அது. பின்னால் நெருங்கும் கப்பலோடு அந்த நிமிடத்தில் பேசுவதற்கு அது மாற்றாகாது.

இரண்டாவது மறுப்பு கப்பல் தரப்பிலிருந்து வருவது. அதில் நியாயம் இருக்கிறது. ஆழமாக அமிழ்ந்து செல்லும் கப்பல் குறுகிய கால்வாயை விட்டு விலகினால் தரைதட்டும். வேகத்தைக் குறைத்தால் சுக்கான் பேச்சைக் கேட்காது. ஓதத்தைத் தவறவிட்டால் அடுத்த ஓதம்வரை காத்திருக்க வேண்டும். கால்வாயின் நடுவே வலை விரிப்பவரும் ஓரம் கட்டாத படகோட்டியும் தவறு செய்யவில்லையா என்று கேட்கிறார்கள். செய்கிறார்கள். 20 மீட்டருக்குக் குறைவான கலங்களும், பாய்மரக் கலங்களும், மீன்பிடிக் கலங்களும், குறுகிய வழிக்குள் மட்டுமே போகக்கூடிய கப்பலுக்கு இடையூறு செய்யக் கூடாது என்று 9ஆம் விதி தெளிவாகவே சொல்கிறது. முந்தப்படும் கலத்துக்கும் கடமைகள் உண்டு: திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும், முந்தச் சம்மதித்தால் இடம்விட வேண்டும், விலக வேண்டியவர் விலகவில்லை என்று தெரிந்தால் தானே தப்ப முயல வேண்டும். நீரில் எவருக்கும் முழுமையான முன்னுரிமை என்று ஒன்று கிடையாது. இருக்கிறவை எல்லாம் கடமைகளே. ஆனால் சிறு படகு இடையூறு செய்தது என்பதால் பெரிய கப்பலின் கடமை தீர்ந்துவிடாது என்பதையும் அதே விதிகள் சொல்கின்றன. பைலட்டுக்கு அந்த ஆற்றின் ஒவ்வொரு வளைவும் அகலமும் தெரியும். எந்த இடத்தில் முந்தலாம், எங்கே பொறுத்திருக்க வேண்டும் என்று முன்னதாகவே முடிவெடுக்கலாம். காத்திருக்க முடியாத கப்பல் முன்கூட்டியே ஊதலாம். ஊதுவதற்கு ஓதம் தேவையில்லை.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது, எல்லாவற்றையும்விடக் கனமானது. டீசல் இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் படகோட்டிக்குச் சங்கு கேட்குமா? 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் சங்கு இரண்டு கடல் மைல் தொலைவுக்குக் கேட்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. 75 மீட்டருக்கு மேல் என்றால் ஒன்றரை மைல். காற்றும் இயந்திர இரைச்சலும் அதைக் குறைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் இந்த மறுப்பு எங்கே கொண்டுபோய்விடுகிறது என்று பார்க்க வேண்டும். கேட்காமல் போகலாம் என்பதால்தான் பதில் ஒலியை விதி கோருகிறது. பதில் வந்தால் கேட்டது உறுதி. வராவிட்டால் கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே இருக்க வேண்டும். இன்றைய நிலையில் பதில் வரவே வராது என்று தெரிந்திருப்பதால், பெரிய கலங்கள் கேள்வி கேட்பதையும் நிறுத்திவிடும் அபாயம் இருக்கிறது. சிறு படகுக்குப் பதில் சொல்லும் கருவியைக் கொடுத்தால்தான் பெரிய கப்பலிடம், "பதில் வராமல் ஏன் முந்தினாய்" என்று சட்டப்படி கேட்க முடியும். 12 மீட்டருக்குக் குறைவான படகுக்கு முறையான சங்கு கட்டாயமில்லை. தகுந்த ஒலி எழுப்ப ஏதோ ஒரு கருவி இருந்தாக வேண்டும் என்பதே விதி. பேட்டரியில் இயங்கும் சாதாரண ஹாரன் போதும். ஒரு வலையின் விலையோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை. பின்னால் பார்க்க ஓர் ஆளையோ, குறைந்தது ஒரு கண்ணாடியையோ வைத்துக்கொள்வதும் பெரிய செலவில்லை.

படிக்காத படகோட்டி இதையெல்லாம் எப்படிக் கற்பார் என்ற கேள்வியில் ஓர் இழிவான எண்ணம் ஒளிந்திருக்கிறது. நீரின் நிறத்தைப் பார்த்து ஆழம் சொல்பவர், காற்றின் போக்கைப் பார்த்து மழை சொல்பவர், நான்கு ஒலிக் குறிகளைக் கற்க மாட்டார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. கற்றுக்கொடுக்கும் அமைப்புதான் சிதறிக் கிடக்கிறது. கடற்கப்பல்கள் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் கீழ். ஹூக்ளியின் கப்பல் வழி கொல்கத்தா துறைமுகத்தின் கீழ். உள்நாட்டுக் கலங்கள் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி மாநில அரசின் கீழ். மீன்பிடிப் படகுகள் 1993இல் மேற்கு வங்கம் இயற்றிய கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ். ஒரே ஆற்றில் ஒன்றையொன்று முந்தும் நான்கு கலங்களுக்கு நான்கு அதிகாரிகள். கலங்கள் சந்திக்கும் இடத்தில் அதிகாரிகள் சந்திப்பதில்லை. இவர்கள் எல்லோரையும் ஒரு மேசைக்கு அழைக்கும் தகுதி அலிப்பூரில் உள்ள மாவட்ட நிர்வாகத்துக்கு இருக்கிறது. கங்காசாகர் திருவிழாவுக்காக ஆண்டுதோறும் அதைத்தான் அது செய்கிறது. புயல் வரும்போதெல்லாம் செய்கிறது. அந்தப் பழக்கத்தை ஆண்டு முழுவதற்கும் நீட்டினால் போதும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. கிழக்குக் கடற்கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். வங்கத்திலும் தமிழ்நாட்டிலும் விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில், மீன்பிடித் துறைமுகம்தோறும் ஒரு நாள் வகுப்பு நடத்தலாம். வங்கத்தில் வங்க மொழியில், நம் கரையில் தமிழில். படகின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, உயிர்காப்பு அங்கியைப் பார்ப்பதுபோல ஹாரனும் பின்விளக்கும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கலாம். பயணிகள் படகை ஓட்ட உரிமம் கேட்பவர், அந்த நான்கு ஒலிக் குறிகளையும் கேட்டுப் பொருள் சொன்ன பிறகே உரிமம் பெற வேண்டும். சிறு கலத்தை முந்த நேரும் ஒவ்வொரு முறையும் ஒலி கொடுத்ததையும், பதில் வந்ததா என்பதையும் பைலட் தன் குறிப்பில் எழுத வேண்டும் என்று துறைமுகம் உத்தரவிடலாம். சில மாதக் குறிப்புகளைத் தொகுத்தாலே எந்த வளைவில் எந்த நேரத்தில் பதில் வருவதில்லை என்று தெரிந்துவிடும். அந்த இடங்களில் முந்துவதைத் தடை செய்யலாம். இவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கும் அதிகாரங்களே போதும்.

தமிழ்நாட்டு அரசும் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இதே ஏற்பாட்டைச் செய்ய முடியும். எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் பெருங்கப்பல் வழியும் மீன்பிடி வழியும் பின்னிக் கிடக்கின்றன. குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பன்னாட்டுக் கப்பல்கள் ஓடும் தடங்களிலேயே பல நாள் தங்கித் தொழில் செய்கிறார்கள். மோதல் நடந்த பிறகு நிவாரணத் தொகையை அறிவிப்பதும், கப்பலைத் துரத்திப் பிடிப்பதும் அரசின் கடமைதான். ஆனால் அவை இறந்தவருக்கு உதவாதவை. பின்னால் வருபவர் பொறுப்பேற்க வேண்டும் என்று உலகம் ஒப்புக்கொண்ட விதி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. அது முன்னால் போகும் சிறு படகுக்கும் சொந்தமானது என்பதை அந்தப் படகில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டிய வேலை மட்டுமே மீதி. அடுத்த தடைக்காலத்திலேயே முதல் வகுப்பைத் தொடங்க முடியும். தள்ளிப்போடுவதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.